மேடு பள்ளங்களின் கணக்கு

நுழையும்முன்

மலைச்சரிவின் எதிரே நின்று குரல் கொடுத்தால் குரல் திரும்பி வருகிறது. அதே குரல் அடர்ந்த தோப்பை நோக்கிச் சென்றால் பெரும்பாலும் திரும்புவதில்லை. திரும்பினாலும் உருமாறித் திரும்புகிறது. ஒலி எதில் பட்டது, அதன் பரப்பு எத்தகையது என்பதைப் பொறுத்தே இவ்வேறுபாடு அமைகிறது. கரடுமுரடான பரப்பில் பட்ட அலை என்னவாகிறது என்னும் வினாவுக்குக் கணிதத்தின் வழியே விடை தேடியவர்களுள் முன்னோடி ராலே பிரபு. சிறியது என்று பிறர் ஒதுக்கியதை அளந்து பார்த்த அவ்வறிஞரின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்பது அவருடைய இயற்பெயர். 1842ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிறந்தார். அவருடைய தந்தை இரண்டாம் ராலே பிரபு. டெர்லிங் என்னும் சிற்றூரில் அக்குடும்பத்துக்கு மாளிகையும் ஏறத்தாழ 7,000 ஏக்கர் நிலமும் இருந்தன. செல்வத்துக்குக் குறைவில்லை, உடல்நலத்துக்கே குறை. ஈட்டன், ஹாரோ என்னும் புகழ்பெற்ற பள்ளிகளில் சேர்க்கப்பட்டும் நோயின் காரணமாக இரண்டிலும் அவர் நெடுநாள் பயில இயலவில்லை. கடற்கரை நகரமான டார்க்கீயில் ஆசிரியர் ஒருவரின் இல்லத்துப் பள்ளியில் தங்கிக் கற்றார்.

1861இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். எட்வர்டு ரவுத் என்னும் ஆசிரியரிடம் பெற்ற கடும்பயிற்சி அவருடைய கணித அறிவைக் கூர்மையாக்கியது. ஜார்ஜ் ஸ்டோக்சின் விரிவுரைகள் அவரை இயற்பியலின்பால் ஈர்த்தன. அவ்விரிவுரைகளின்போது செய்து காட்டப்பட்ட சோதனைகள் அவர் நெஞ்சில் பதிந்தன. 1865இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவராகத் தேறினார்.

பிரபுக் குடும்பத்தின் மூத்த மகன் அரசியலில் ஈடுபடுவதும் நிலத்தை மேற்பார்வையிடுவதுமே அக்காலத்து வழக்கம். ஆய்வுக்கூடத்தில் நாளைக் கழிப்பது வழக்கமன்று. மாணவர்கள் தம் கையால் சோதனை செய்து பழகும் வாய்ப்பும் அன்றைய கேம்பிரிட்ஜில் அரிது. எனினும் ராலே தம் பொருளைச் செலவிட்டுக் கருவிகளை வாங்கினார்; பின்னர் டெர்லிங் மாளிகையிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். தமக்குக் கிடைத்த செல்வத்தை ஓய்வுக்கு உரியதாகக் கருதாமல் உழைப்புக்கு உரியதாக மாற்றிக்கொண்டார்.

நைல் நதியில் தொடங்கிய நூல்

1871இல் ஈவ்லின் பால்ஃபர் என்னும் அம்மையாரை ராலே மணந்தார். அடுத்த ஆண்டே கடுமையான வாதக்காய்ச்சல் அவரைத் தாக்கியது. உயிருக்கே ஊறு நேருமோ என உற்றார் அஞ்சினர். இங்கிலாந்தின் குளிரைத் தவிர்க்கும்பொருட்டு அவர் மனைவியுடன் எகிப்துக்குச் சென்றார். நைல் நதியில் வீட்டுப்படகு ஒன்றில் அவ்வாண்டின் குளிர்காலம் கழிந்தது.

அப்படகில் ஆய்வுக்கூடம் இல்லை. பெரிய நூலகமும் இல்லை. நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த முப்பது வயது இளைஞர், அங்கே ‘ஒலியின் கோட்பாடு’ என்னும் நூலை எழுதத் தொடங்கினார். அதிரும் கம்பி, தோல், தட்டு, மணி, குழலில் அடைபட்ட காற்று, வெளியில் பரவும் அலை என ஒலியியல் முழுவதையும் ஒரே கணித ஒழுங்கில் தொகுத்துரைப்பது அந்நூலின் நோக்கம். அதன் முதல் தொகுதி 1877இலும் இரண்டாம் தொகுதி 1878இலும் வெளிவந்தன. ஒலியியல் ஆய்வாளர்கள் இன்றும் அந்நூலைப் புரட்டுகின்றனர்.

1873இல் தந்தை மறைய, அவர் மூன்றாம் ராலே பிரபுவானார். நிலங்களைப் பேணும் பொறுப்பும் அவர்மீது விழுந்தது. சில ஆண்டுகள் அதனைச் சுமந்தார். 1876இல் அப்பொறுப்பைத் தம் இளவலிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேரமும் அறிவியலுக்குத் திரும்பினார்.

மரங்கள் மாற்றிய குரல்

1871இல் ராலே வெளியிட்ட கட்டுரைகளுள் ஒன்று வானம் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்பதை விளக்கியது. அலைநீளத்தைவிட மிகச்சிறிய துகள்மீது அலை படும்போது எல்லாத் திசைகளிலும் சிறிதளவு சிதறுகிறது. அச்சிதறலின் செறிவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். சிவப்பைவிட நீலத்தின் அலைநீளம் குறைவு. ஆகவே, நீலம் பன்மடங்கு மிகுதியாகச் சிதறி வானெங்கும் பரவுகிறது.

ஒளிக்குப் பொருந்தும் இவ்விதி ஒலிக்கும் பொருந்தும் என்பதை ராலே கண்டார். கெண்ட் பகுதியில் உள்ள பெட்ஜ்பரி பூங்காவில் வியப்பான எதிரொலி ஒன்று கேட்டது. பள்ளத்தாக்கின் மறுபுறம் ஊசியிலை மரத்தோப்பு ஒன்று இருந்தது. பெண் ஒருவர் உரத்த குரல் எழுப்பினால், அத்தோப்பிலிருந்து திரும்பிய ஒலி ஒரு சுரமண்டலம் உயர்ந்து, அதாவது கீழ்ச் சட்சம் மேல் சட்சமாக உயர்ந்து, ஒலித்தது. மரங்கள் புதிய சுரத்தை உண்டாக்கக்கூடுமோ என்று எவரும் ஐயுறுவர்.

மரங்கள் எதையும் உண்டாக்கவில்லை. தெரிந்தெடுத்தன என்பதே ராலேயின் விளக்கம். மனிதக் குரலில் அடிப்படைச் சுரத்துடன் அதன் இரு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரமும் கலந்திருக்கும். மேற்சுரத்தின் அலைநீளம் அடிப்படைச் சுரத்தின் அலைநீளத்தில் பாதி. நான்காம் அடுக்கு விதியின்படி, மெல்லிய மரங்களும் கிளைகளும் மேற்சுரத்தை அடிப்படைச் சுரத்தைப் போல் 16 மடங்கு வலிமையுடன் சிதறடிக்கும். குரலில் மெலிந்து மறைந்திருந்த மேற்சுரம் எதிரொலியில் மேலோங்கியது அதனால்தான். வானத்தின் நீலத்துக்கும் தோப்பின் எதிரொலிக்கும் ஒரே கணக்கு விடையாயிற்று.

கரடு எது? மெருகு எது?

தனித்தனியே நிற்கும் தடைகளைவிடத் தொடர்ச்சியான கரட்டுப் பரப்பு கடினமான சிக்கல். சுவர், பாறை, கடலின் மேற்பரப்பு ஆகியவற்றில் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. ஒரு மேட்டிலிருந்து திரும்பும் அலையும் அருகிலுள்ள பள்ளத்திலிருந்து திரும்பும் அலையும் தம்முள் கலக்கின்றன.

பள்ளத்துக்குச் செல்லும் அலை சற்றே கூடுதலான தொலைவு சென்று திரும்புகிறது. அக்கூடுதல் தொலைவு அலைநீளத்தோடு ஒப்பிட மிகச்சிறிதாயின் இரு அலைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே திரும்பும். பரப்பு கண்ணாடிபோல் அலையைத் திருப்பும். அத்தொலைவு அலைநீளத்தில் பாதியாயின் ஓர் அலையின் முகடு மற்றோர் அலையின் அகட்டோடு சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கும். நேர்த்திசையில் எதிரொலி மங்கி, அலை பிற திசைகளில் சிதறும். இவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு வரைய வேண்டுமல்லவா? கூடுதல் தொலைவு அலைநீளத்தின் கால் பங்கைத் தாண்டாதவரை பரப்பை மெருகானதாகக் கொள்ளலாம் என்பது பிற்கால ஆய்வாளர்கள் மேற்கொண்ட அளவு. ‘ராலே அளவுகோல்’ என்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நேராகச் சென்று படும் அலை மேட்டின் உயரத்தை இருமுறை கடப்பதால், மேட்டின் உயரம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

எடுத்துக்காட்டாக, 5 சென்டிமீட்டர் உயரமுள்ள கற்கள் துருத்தி நிற்கும் சுவர் ஒன்றைக் கருதலாம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 170 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 2 மீட்டர். அதில் எட்டில் ஒரு பங்கு 25 சென்டிமீட்டர். அவ்வொலிக்கு அச்சுவர் மெருகிட்ட பரப்பு. 3,400 ஹெர்ட்ஸ் கொண்ட உயர்ந்த ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர், எல்லையோ 1.25 சென்டிமீட்டர்தான். அவ்வொலிக்கு அதே சுவர் கரடுமுரடானது. சுவர் மாறவில்லை, அதனை அளக்கும் அலையே மாறியது.

அலை படும் கோணமும் இதில் பங்கு பெறுகிறது. பரப்பை ஒட்டிச் சாய்வாக வரும் அலைக்கு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான தொலைவு வேறுபாடு குறைந்துவிடுகிறது. பரப்போடு 30 பாகைக் கோணத்தில் வரும் அலைக்கு, அனுமதிக்கத்தக்க உயரம் இரு மடங்காகும். மெருகேற்றப்படாத கண்ணாடியும் மிகச் சாய்வாக நோக்கும்போது பளபளப்பது இதனாலேயாகும். எனவே, கரடு என்பது பரப்புக்கு மட்டும் உரிய பண்பன்று. மேட்டின் உயரம், அலையின் நீளம், அலை வரும் கோணம் ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும் உறவே அது.

அலைகளைக் கூட்டிய கணக்கு

‘ஒலியின் கோட்பாடு’ நூலின் இரண்டாம் பதிப்பு 1894இலும் 1896இலும் இரு தொகுதிகளாக வந்தது. அதில் ராலே புதிய பகுதி ஒன்றைச் சேர்த்தார். நெளிநெளியாக மடிந்த பரப்பில் ஒலியலை பட்டால் என்ன நிகழும் என்பதை அப்பகுதி ஆராய்கிறது. இயற்கையின் பரப்புகள் ஒழுங்கற்றவை. அவற்றை நேரடியாகக் கணக்கிடுவது இயலாது. ஆகவே, ஒரே சீராக ஏறி இறங்கும் சைன் வளைவு வடிவப் பரப்பை அவர் முதலில் எடுத்துக்கொண்டார்.

அவருடைய வழிமுறை தெளிவானது. திரும்பிச் செல்லும் ஒலியைப் பல சமதள அலைகளின் கூட்டுத்தொகையாக அவர் எழுதினார். அவற்றுள் ஒன்று கண்ணாடியில் பட்டுத் திரும்புவதுபோல் நேர்த்திசையில் செல்வது. மற்றவை அதற்கு இருபுறமும் குறிப்பிட்ட கோணங்களில் விலகிச் செல்பவை. திண்மையான சுவருக்குள் காற்று புக இயலாது. இந்நிபந்தனை பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் நிறைவேறுமாறு ஒவ்வோர் அலையின் வலிமையையும் படிப்படியாகக் கணக்கிட்டார். 1907இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் இம்முறையை ஒளியியலுக்கும் விரித்தார்.

அக்கணக்கிலிருந்து எதிர்பாராத முடிவு ஒன்றும் கிடைத்தது. நேராகப் படும் அலையின் நீளத்தைவிட மடிப்புகளுக்கு இடையிலான தொலைவு குறைவாயின், விலகிச் செல்லும் அலைகள் வெளியே பயணம் செய்வதில்லை. அவை பரப்பை ஒட்டியே நின்று, சற்று விலகியதும் தேய்ந்து மறைகின்றன. தொலைவில் நிற்பவருக்கு அந்நெளிபரப்பு தட்டையான சுவராகவே தோன்றும். மேட்டின் உயரம் மட்டுமன்றி, மேடுகளுக்கு இடையிலான தொலைவும் சிதறலைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

ராலே கணக்கோடு நின்றுவிடவில்லை. மிக உயர்ந்த ஒலியை எழுப்பும் சிறு ஊதலையும், அவ்வொலி பட்டதும் குலைந்து தாழும் எரிவாயுச் சுடரையும் சோதனைகளுக்குப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அலைநீளமே உடைய அவ்வொலியைக் கொண்டு, அறைக்குள்ளேயே ஒலியின் நிழலையும் வளைவையும் கண்ணால் காணச் செய்தார். வட்டத்தட்டு ஒன்றின் நிழல் நடுவே ஒலி மீண்டும் வலுப்பெறுவதைச் சுடர் காட்டிக்கொடுத்தது.

சிறு வேறுபாட்டின் மதிப்பு

1879இல் மாக்ஸ்வெல் மறைந்தபின் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குத் தலைமையேற்க ராலே அழைக்கப்பட்டார். ஐந்தாண்டுகள் அப்பணியை ஆற்றினார். மின்தடை, மின்னோட்டம் ஆகியவற்றின் அலகுகளைத் துல்லியமாக வரையறுக்கும் பணி அவர் தலைமையில் நடந்தது. அவருடைய மனைவியின் தமக்கையும் கணித அறிஞருமான எலினார் சிட்ஜ்விக் அம்மையார் அவ்வளவீடுகளில் உடனிருந்து உழைத்தார். ஆய்வக வகுப்புகள் பெண்களுக்கும் ஆண்களுக்கு இணையாகத் திறக்கப்பட்டதும் அக்காலத்தில்தான். 1884இல் அவர் டெர்லிங் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பினார்.

அங்கே வளிமங்களின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தபோது சிக்கல் ஒன்று எழுந்தது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியாவின் உதவியால் பெற்ற நைட்ரஜனைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கனமாக இருந்தது. அளவீட்டுப் பிழை என்று அதனைத் தள்ளிவிடுவது எளிது. ராலேயோ அவ்வேறுபாட்டைக் குறைக்க முயலாமல் பெரிதாக்கிப் பார்க்க முயன்றார். வேதிச் சேர்மங்களிலிருந்து மட்டுமே பெற்ற நைட்ரஜனோடு ஒப்பிட்டபோது, வேறுபாடு இருநூற்றில் ஒரு பங்காக வளர்ந்தது. பிழை அவ்வாறு ஒழுங்காக வளராது. வில்லியம் ராம்சேயும் அவரும் தொடர்ந்து ஆராய்ந்து, காற்றில் மறைந்திருந்த ஆர்கான் என்னும் புதிய தனிமத்தை 1894இல் அறிவித்தனர். 1904இல் ராலேவுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகையை அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார்.

சிறியதைப் புறக்கணியாத இப்பண்பு மனிதரிடத்தும் வெளிப்பட்டது. ஜான் வாட்டர்ஸ்டன் என்பவர் வளிமங்களின் இயக்கம்பற்றி 1845இல் ராயல் கழகத்துக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். அது பயனற்றதென ஒதுக்கப்பட்டு ஆவணங்களுக்குள் புதைந்தது. அவரும் புகழறியாமலே மறைந்தார். கழகத்தின் செயலராக இருந்த ராலே அக்கட்டுரையைத் தேடி எடுத்தார். தம் முன்னுரையுடன் 1892இல் அதனை வெளியிட்டு, முன்னோடி ஒருவருக்கு உரிய மதிப்பை மீட்டுத் தந்தார்.

கடலும் மூடுபனியும்

1896 முதல் இறுதிவரை, கலங்கரை விளக்கங்களைப் பேணும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பின் அறிவியல் அறிவுரைஞராக ராலே விளங்கினார். மூடுபனியில் விளக்கொளி மறைந்துவிடும். அப்போது மாலுமிகளுக்குத் துணை, கரையிலிருந்து முழங்கும் ஊதுகொம்பின் ஒலி மட்டுமே. அவ்வொலி தவறினால் கப்பல் பாறையில் மோதும்.

ஒலியின் பெரும்பகுதி வானை நோக்கியும் கரையை நோக்கியும் வீணாவதை ராலே கருத்தில் கொண்டார். கொம்பின் வாயை வட்டமாக அமைப்பதைவிட, மேல்கீழாக நீண்டும் பக்கவாட்டில் குறுகியும் அமைப்பது நன்று என்று கூறினார். குறுகிய வாயிலிருந்து வெளிப்படும் அலை அத்திசையில் அகன்று விரியும். நீண்ட திசையில் குவிந்து நிற்கும். அதனால் ஒலி வானத்துக்குச் செல்லாமல் கடற்பரப்பெங்கும் பரவும். மேட்டின் உயரத்தையும் அலைநீளத்தையும் ஒப்பிட்ட அதே அறிவு, இங்குக் கொம்பின் அகலத்தையும் அலைநீளத்தையும் ஒப்பிட்டு மாலுமிகளின் உயிரைக் காக்க முனைந்தது.

எல்லை கண்ட கோட்பாடு

1905 முதல் 1908 வரை ராயல் கழகத்தின் தலைவராகவும், 1908 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் ராலே பணியாற்றினார். 1919ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் டெர்லிங்கில் காலமானார். இளமையில் நெடுநாள் வாழ்வாரோ என்று ஐயுறப்பட்டவர் 76 ஆண்டுகள் வாழ்ந்து, 400க்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகளை விட்டுச் சென்றார்.

அவருடைய கணக்குக்கும் எல்லை இருந்தது. பள்ளத்தின் உள்ளேயும் அலைகள் யாவும் வெளிநோக்கியே செல்கின்றன என்று அவர் கொண்டிருந்தார். ஆழ்ந்த பள்ளத்தில் அலை ஒரு சரிவில் பட்டு மறுசரிவுக்குத் தாவும், மீண்டும் கீழிறங்கும். ஆகவே, அக்கொள்கை எங்கும் பொருந்துமா என்ற ஐயம் 1950களில் எழுந்தது. சைன் வடிவப் பரப்பில் பள்ளம் முதல் மேடு வரையான உயரம் ஒரு மடிப்பின் நீளத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்கு உட்பட்டிருக்கும்வரை அவர் கொள்கை சரியென்று 1960களின் ஆய்வுகள் காட்டின. அதற்கு அப்பால் வேறு முறைகள் தேவைப்பட்டன. கோட்பாட்டின் எல்லை தெரிந்தபின் அதனைப் பயன்படுத்துவோரின் நம்பிக்கை கூடியதே அன்றிக் குறையவில்லை.

அவ்வெல்லைகளை விரித்தவர்கள் பலர். கார்ல் எக்கார்ட் 1953இல் கடலின் மேற்பரப்பில் ஒலி சிதறுவதை ஆராய்ந்தார். அங்கு மேடு பள்ளங்கள் சீரானவையல்ல, நொடிதோறும் மாறுபவை. ஆகையால், ஒவ்வோர் அலையையும் கணக்கிடாமல், புள்ளியியல் வழியே சராசரிச் சிதறலைக் கணக்கிடும் முறை வளர்ந்தது. மான்ஃபிரட் ஷ்ரோடர் 1970களில் இச்சிக்கலைத் தலைகீழாகத் திருப்பினார். இசையரங்கின் சுவர்களில் எண்கோட்பாட்டின்படி வெவ்வேறு ஆழத்தில் பள்ளங்களை அமைத்து, ஒலியை எல்லாத் திசைகளிலும் சீராகப் பரப்பும் வழியை வகுத்தார். ஒரு காலத்தில் தொல்லையாகக் கருதப்பட்ட கரடு, இசைக்குத் துணையாயிற்று.

ராலேயின் நூல்களிலிருந்து ஊக்கம் பெற்றவர்களுள் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமனும் ஒருவர். இலண்டன் புனித பால் பேராலயத்தில் சுவரோரம் முணுமுணுத்த சொல் எதிர்ப்புறத்தில் கேட்பதை ராலே விளக்கியிருந்தார். 1921இல் அங்குச் சென்ற இராமன், அவ்விளக்கத்துக்குள் அடங்காத நுட்பங்களையும் கண்டு எழுதினார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற ராலேயின் கருத்தையும் அவ்வாண்டின் கடற்பயணத்தில் சோதித்து மறுத்தார். ராலேயை மதித்தவரே ராலேயைத் திருத்தினார். அறிவியல் வளரும் வழி அதுவே.

ஆயிரத்தில் ஒரு பங்கு எடை வேறுபாடு ஒரு தனிமத்தை மறைத்து வைத்திருந்தது. விரலளவு மேடு ஒரு குரலைத் திருப்பியது. மற்றொரு குரலைச் சிதறடித்தது. சிறியது எது, பெரியது எது என்பதைக் கண் முடிவு செய்வதில்லை. அளக்கும் கோலே முடிவு செய்கிறது. எதனையும் சிறிதென்று ஒதுக்குமுன் எந்தக் கோலால் அளந்தோம் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கமே ராலேயின் வாழ்வு விட்டுச் சென்ற செல்வமாகும்.